குவைத்திலிருந்து ஐந்து மணி நேரம்

சத்தியவேட்டிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் ஏறியதிலிருந்தே தன் தம்பியைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

“குவைத்துலேர்ந்து மெட்ராசுக்கு பிளைட்டு அஞ்சே மணி நேரம்னு அவன்தான் சொன்னான். ராத்திரி ஒரு மணிக்கு ஏறினா காலைல ஆறுக்கு எறங்கணுமில்ல? அத நம்பித்தான் புள்ளைக்குக் காது குத்த ஒம்பதுக்கு முகூர்த்தம் வெச்சேன். தொரை பதினோரு மணிக்கு வர்றாரு! நேரா மாமியா ஊட்டுக்குப் போயி துன்னுட்டு வந்திருக்கான்.”

“அப்ப புள்ளய யாரு மடியில ஒக்கார வெச்சீங்க?”

“எங்கூட்டுக்காரரோட பங்காளி மடியில. தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்பவே! இதுல, எட்டரைக்குத்தான் எறங்கினேன்னு பொய் சொல்லிக்கினு நிக்கிறான். அவன் கொணாந்த கம்மல அவங்கையிலயே திருப்பிக் குடுத்து, போடான்னுட்டேன். முந்தாநேத்து குவைத்துக்கே போயிட்டான்.”

பக்கத்தில் இருந்தவள் மெல்லச் சொன்னாள். “எங்கூட்டுக்காரரும் அங்கதாங்க்கா இருக்காரு. அங்க கடிகாரம் நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால. அவங்களுக்கு ஒரு மணின்னா நமக்கு மூணரை. அதோட அஞ்சு சேத்தா எட்டரை.”

ஜன்னலோரத்துக்காரி விரல்விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

“அத அந்தப் பாவி வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா கேடு?”

“நீங்க சொல்ல வுட்டீங்களா?”

ஜன்னலோரத்துக்காரி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். பிறகு அதே கோபத்தோடு சொன்னாள்: “அஞ்சு மணி நேரந்தானே? கம்மல எடுத்துக்கினு திரும்பி வரட்டும்.”

“லீவு ரெண்டு வருசத்துக்கு ஒருவாட்டிதாங்க்கா.”