ஆபரேஷன் பண்ணி எடுத்த கல்

— மெதுவா குந்துங்க... இடுப்புக்குத் தலகாணி வெக்கிறேன்.

— ஒண்ணும் வேணாம் ஆதி. வலியே இல்ல.

— அப்ப ஏன் பாத்ரூம்ல செவுத்தப் புடிச்சிக்கினு நின்னீங்க?

— எட்டிப் பார்த்தியா?

— எட்டிப் பார்க்கணுமா... நீங்க முனகறது அடுப்படி வரைக்கும் கேக்குது.

— எரியுதுடி. போய்ட்டு வந்து குந்தறதுக்குள்ள திரும்ப வர்ற மாதிரியே இருக்குது. எல்லாம் உள்ள வெச்சிருக்கிற ட்யூப் பண்ற வேல.

— அத எடுக்கற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னாருல்ல. தண்ணியக் குடிங்க.

— குடிச்சா எரியுதே...

— குடிக்கலன்னா இன்னும் எரியும். மைன்ஸ்ல ராவும் பகலும் பம்பு ஓட்டித் தண்ணி எறைக்கிற ஆளு, ஒரு சொம்புத் தண்ணிக்கு பயப்படலாமா?

— பயமா, எனக்கா? கொண்டா இப்படி.

— முழுசா... ம்.

— சரி, அந்தக் கல்லு போட்ட பாட்டில எடுத்து டேபிள் மேல வை. கோபாலகிருஷ்ணன் பார்க்க வர்றேன்னு போன் பண்ணான்.

— அவருகிட்டயுமா காட்டப் போறீங்க?

— அவன்கிட்டதான் காட்டணும். என்னப் பத்தி, குஞ்சிதபாதம் நைட் ஷிப்டுக்கு பயந்துக்கினு வயித்து வலின்னு நடிக்கிறான்னு கேண்டீன்ல சொன்னதே அவன்தான. இம்மாம் பெரிய கல்ல உள்ள வெச்சிக்கினு ஒரு வாரம் டூட்டி பார்த்தவன் எவன்டா இருக்கான்னு கேக்கப் போறேன்.

— வேணாங்க...

— பிளாக்ல பாதிப் பேரு பார்த்தாச்சு. கீழ் வூட்டு பவித்ரா போட்டோவே எடுத்துக்கினு போச்சு. இவன் மட்டும் பார்க்கக் கூடாதா?

— பாட்டிலு... காணோங்க.

— பிரிட்ஜு மேல இருக்குது. இங்கேர்ந்தே தெரியுது.

— ஏங்க... அவரு இத்தினி வருஷமா மண்ணு வெட்டற மெஷின்ல இருக்கறவரு. பார்த்த ஒடனே என்ன கல்லுன்னு சொல்லிடுவாரு.

— சொல்லட்டுமே. என் வயித்துல இருந்த கல்லு.

— உங்க வயித்துக் கல்லு இல்லீங்க அது. லேசர் அடிச்சுப் பொடியாக்கிட்டோம், கையில குடுக்க ஒண்ணும் இல்லம்மான்னாரு டாக்டர். நீங்க உள்ள போறப்ப, கல்ல பத்திரமா வாங்கி வை, அவனுங்களுக்குக் காட்டணும்னு சொன்னீங்க... அந்தக் கேண்டீன் பேச்சுக்காக நீங்க சோறு துன்னாமப் படுத்தீங்களே, அதே என் கண்ணுல நின்னுது. குவார்ட்டர்சுக்கு துணி எடுக்க வந்தப்ப, தோட்டத்துல ஒரு சரளைக்கல்லப் பொறுக்கி, கழுவி...

— அழாத. பெல்லு அடிக்குது பாரு.

— இப்ப என்னங்க பண்றது?

— பாட்டில என்கிட்ட குடுத்துட்டு கதவத் தொற.

— தெரிஞ்சா அசிங்கமாப் பூடுங்க...

— எனக்கு முதுகுலதான்டி மரத்துப் போற ஊசி போட்டாங்க. முழிச்சிக்கினுதான் இருந்தேன். கல்லு மாவாப் போறத அங்க இருந்த டிவில நானே பார்த்தேன். நீ இந்தப் பாட்டில நீட்டினப்ப, எனக்கோசரம் எம் பொண்டாட்டி மண்ணுல குந்தித் தேடியிருக்காளேன்னு அவ்ளோ பெருமையா இருந்துச்சு. அதான் வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டிக்கினு இருக்கேன். கோபாலகிருஷ்ணன் கண்டுபுடிச்சா கண்டுபுடிக்கட்டும்... இத எடுத்தது டாக்டர் இல்லடா, ஆதிலட்சுமின்னு சொல்லிக்கறேன்.