உப்பு ஜாடியை நகர்த்துகிறவள்

— இத மட்டும் நைட்டு தனியா படிக்கவேணாம்னு உங்க தம்பிகிட்ட சொல்லுங்க, சசிக்கா. போன தபா குடுத்ததாவது பரவால்ல. இது பேஜார் புடிச்ச புக்கு. கையில எடுத்தா கீழ வைக்கமுடியாது.

— அப்டி இன்னா கதை?

— ஒரு பொண்ணு பஸ்ஸுல போவசொல்ல பக்கத்து சீட்டுல ஒரு பொம்பள வந்து ஒக்காருது. இந்தப் பொண்ணு பேரு, வூடு, சின்ன வயசுல கால்ல பட்ட தழும்பு, எல்லாத்தயும் கரெக்டா சொல்லுது. ஆனா இவ அந்தப் பொம்பளய பாத்ததே கெடையாது. அவ்ளோதான் சொல்வேன். மீதிய அவரு படிக்கட்டும்.

— தமிழரசன் படிப்பான்னு நெனைக்கிற.

— இன்னாக்கா, கூடப் பொறந்தவங்க, உங்களுக்குத் தெரியாதா? இந்த லைப்ரரியில திரில்லர் எடுக்கறவங்க நெறைய பேரு கீறாங்க. வாத்தியாருங்ககூட வராங்க. கொலகாரன் யாருன்னு கடைசி பக்கத்த பாத்துட்டு மூடி வெச்சிடுவாங்க. அவரு அப்டி இல்ல. மனசு எங்க கோணிக்கினு போவுதுன்னு பாத்துக்கினே வருவாரு. உத்திரமேரூருலயே அப்டி படிக்கற ஆளு வேற கெடையாது, சத்தியமா.

— ஏஞ்சலு, அவன் அனுப்பி நான் வரல. வெள்ளிக்கெழம அவனுக்கு நிச்சயதார்த்தம். வாலாஜாபாத்துல, ரைஸ்மில்லுக்காரர் பொண்ணு. நீ அங்க வந்து மண்டபத்து வாசல்ல நின்னுடக்கூடாது. அத சொல்லத்தான் வந்தேன்.

— ...உங்க நைனா ஏற்பாடு பண்ணியிருப்பாரு. அவரு ஒத்துக்கமாட்டாரு. ரெஜிஸ்தர் ஆபீஸ்ல பண்ணிக்கலாம்னு எழுதிக்கீறாரு எனக்கு.

— காலனிப் பொண்ண கூடத்துல ஒக்கார வெச்சி எங்க நைனா சோறு போடுவாருன்னா நெனச்சிக்கினு இருந்த?

— சோறு வேணாங்க. அது எங்க வூட்டுலயே கீது.

— வாய் நல்லாத்தான் பேசற. அவன் வாயத் தொறந்து எப்பனா சொன்னானா, உன்ன கட்டிக்கிறேன்னு?

— எழுதினாரு.

— எழுதினத விடு. வாயால?

— நேர்ல அவருக்கு பேச வராதுங்க. கூச்சம். 'சாப்டியா'ம்பாரு, புக்க வாங்கி வண்டியில மாட்டிக்கினு போய்டுவாரு. எல்லாம் நைட்டு மெசேஜ்லதான். உங்களுக்கு சொன்னா புரியாதுக்கா. அப்டி எழுதற ஆளு யாரையும் கைவிடமாட்டாரு.

— எப்டி எழுதற ஆளு? சும்மா சொல்லு, கேப்போம்.

— போன வருஷம் ஒரு புக்கு குடுத்தேன். ஒரு வூட்டுல உப்பு ஜாடி தெனம் எடம் மாறிக்கினே கீது. வூட்டுக்காரிக்கு பைத்தியம்னு எல்லாரும் சொல்றாங்க. அவ புருஷன்தான் நகத்தறான்னு நான் நெனச்சேன். பாதிப் புக்குலயே அவருகிட்ட சொன்னேன். அதுக்கு அவரு ஒரு பதில் போட்டாரு பாருங்க...

— 'புருஷன் இல்ல ஏஞ்சல். கல்யாணம் ஆன நாள்லேந்து அவன் சமையக்கட்டுக்குள்ள வந்ததே இல்ல. உப்பு எங்க கீது, எங்க இல்ல, அவனுக்குத் தெரியவே தெரியாது. இத நகத்தறது, தெனம் அந்த உப்புல கை வைக்கற ஒரு பொம்பள.' இதான?

— அவரு போன எடுத்துப் படிச்சீங்களா? அசிங்கமா இல்ல உங்களுக்கு?

— அத படிச்சதும் உனக்கு இன்னா தோணிச்சி?

— ஆம்பளைக்கு இது எப்டித் தெரிஞ்சிதுன்னு தோணிச்சி. அன்னிலேந்துதான் எனக்கு அவர...

— ஆம்பளைக்குத் தெரியாது, ஏஞ்சலு.

— இன்னாக்கா சொல்றீங்க?

— அவனுக்கு போன் போடு. ஸ்பீக்கர்ல. நான் இங்க கீறத சொல்லாத. அந்த உப்பு ஜாடிக் கதையப் பத்தி எதனா கேளு.

— எதுக்கு?

— ஏன், பயமா கீதா?

— எனக்கு இன்னா பயம். போடறேன், நீங்களே கேளுங்க. ...ஹலோ. தமிழு, நான்தான்.

— சொல்லும்மா. சாப்டியா? மோட்டார் கொட்டாயில கீறேன். இப்பதான் கரண்ட்டு வந்துச்சி.

— ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த உப்பு ஜாடி புக்கு குடுத்தேன்ல, அதுல கடைசில கொல பண்ணது யாரு? இங்க ஒருத்தவங்க கேக்கறாங்க, எனக்கு மறந்துடிச்சி.

— அதுவா? அது சூப்பர் புக்காச்சே. ஒரே மூச்சுல முடிச்சேன். அது வந்து... புருஷன்தான். எனக்கு மொதல்லேந்தே அவன் மேல டவுட்டு.

— புருஷனா?

— ஆமா. கத்தியால. நைட்டு விவரமா எழுதறேன். தண்ணி மட உடைச்சிக்கினு போவுது, வெச்சிடட்டா?

— வெச்சிடுங்க.

— கத்தியாலயாம். கேட்டுக்கினியா ஏஞ்சலு?

— அந்தப் புக்குல யாருமே சாவலீங்க.

— தெரியும். கடைசி வரைக்கும் ஒரு சொட்டு ரத்தம் கெடையாது. அதனாலதான் எனக்கு அது புடிச்சிது.

— நீங்களா?

— 'சாப்டியா' மட்டும் அவன். மீதியெல்லாம் நான். மொதல்ல அவன்தான் வந்து நின்னான். 'அக்கா, லைப்ரரியில ஒரு பொண்ணு, நல்லா கீது, ஆனா எப்பப் பாரு புக்கு புக்குன்னே பேசுது, நீ படிச்சிட்டு எனக்கு பதிலா எதனா எழுது'ன்னான். ராத்திரி ஆனா போன என் கையில குடுத்துட்டு படுத்துடுவான்.

— கல்யாணப் பொடவைய போட்டோ எடுத்து அனுப்பினேனே.

— மெரூன் கலரு. பார்டர் கொஞ்சம் மட்டம். நல்லாருக்குன்னு எழுதினேன்.

— ரெஜிஸ்தர் பண்ணிக்கலாம்னு எழுதினது?

— நான்தான்.

— ஏங்க்கா?

— கதை அங்க வந்து நின்னுச்சி. அடுத்த பக்கத்துல இன்னா ஆவும்னு பாக்கணும்போல இருந்துச்சி. அதுவுமில்லாம, நீ எப்ப கண்டுபுடிக்கறன்னும் பாத்தேன். எனக்கே புக்கு எடுத்துக் குடுக்கறவ. இவ்ளோ திரில்லர் படிச்சவ. கடைசி வரைக்கும் உனக்குத் தெரியல.

— எங்கப்பா செத்த அன்னிக்கி விடிய விடிய என்கூட பேசிக்கினு இருந்தது... அது மட்டுமாவது அவருன்னு சொல்லுங்கக்கா.

— பொய் சொல்லட்டா?

— சொல்லுங்க.

— 'அப்பா சட்டைய தொவைக்காத. கொடியிலயே தொங்கட்டும். வாசன போவசொல்ல அதுவா போவட்டும்.' நான் அத எழுதிக்கினு கீறேன், அவன் பக்கத்து ரூம்புல கொறட்ட விட்டுக்கினு கீறான்.

— ...வெள்ளிக்கெழம நான் வரமாட்டேங்க.

— இப்பதான் ஒழுங்கா பேசற. அவனுக்கு போனும் பண்ணாத.

— அந்த வாலாஜாபாத் பொண்ணுக்கும் நீங்கதான் எழுதப்போறீங்களா?

— அவளுக்கு எதுக்கு? காலையில ஒரு ரோஜாப்பூ படம், மேல குட்மார்னிங்னு போட்டு அனுப்பினா போதும். அத அவனே அனுப்பிக்குவான்.

— அப்ப ராத்திரி உங்க கைக்கு போனு வராது.

— வராது.

— செரிக்கா. சொல்ல வந்தத சொல்லிட்டீங்க. நான் லைப்ரரி பூட்டணும்.

— இரு. எனக்கு ஒரு புக்கு குடு.

— இன்னா?

— எது வேணா குடு. மனச புடிச்சி இழுக்கறா மாதிரி. எது நல்லாருக்கும்னு உனக்குத்தான் தெரியும். இவ்ளோ நாளும் நீ எடுத்து வெச்சதெல்லாம் எனக்குத்தான?

— ஆமா. உங்களுக்குத்தான். ஆனா கார்டு உங்க தம்பி பேர்ல கீது. அவரு வந்து கேட்டாதான் குடுக்கமுடியும்.

— அவன் இனிமே எதுக்கு இந்தப் பக்கம் வரப்போறான்? என் பேர்ல ஒண்ணு போட்டுக் குடு.

— தாராளமா போடலாம். ஆதார் குடுங்க.

— அது அவங்க வூட்டுலயே கீது. என் புருஷன் வூட்டுல. நான் கட்டின பொடவையோட எறங்கி வந்தவ, ஏஞ்சலு. போய் கேட்டா மூஞ்சியில கதவ சாத்துவாங்க.

— ரேஷன் கார்டுல உங்க பேரு?

— அதுவும் அங்கதான்.

— பேங்க் புக்கு? கரண்ட்டு பில்லு? எதனா ஒண்ணு காட்டுங்க, போட்டுத் தரேன்.

— கரண்ட்டு பில்லு நைனா பேர்ல. எனக்குன்னு ஒரு போனுகூட வாங்கித் தரல அவரு. இன்னிக்கே கோயிலுக்குன்னு சொல்லிட்டு வந்துக்கீறேன். ஒரே ஒரு புக்கு. படிச்சிட்டு யார்கிட்டயாவது குடுத்தனுப்பறேன். நீ வேணா திட்டிக்கோ, புக்க மட்டும் குடு.

— ஐயோ, நான் எதுக்குங்க உங்கள திட்டறேன். குடுக்கத்தான் ஆசை. யார் பேர்ல எழுதறதுன்னுதான் பாக்கறேன். நெலம், வூடு, மாடு, மோட்டாரு எல்லாம் வெச்சிக்கினு கீற குடும்பத்துல, உங்க பேர்ல ஒண்ணுகூட இல்லீங்களாக்கா?