முத்துக்கருப்பனைக் கட்டிவைத்தது பற்றிக் குருவம்மாள் கூறியது

1962-ம் வருஷம் ஜூன் மாதம், ஆமத்தூரில் நடந்த விசாரணையில் எழுதப்பட்டது.

என் பெயர் குருவம்மாள். வயது முப்பத்து மூன்று. இறந்துபோன முத்துக்கருப்பனின் மனைவி. இராமநாதபுரம் ஜில்லா, ஆமத்தூர் கீழத்தெருவில் குடியிருக்கிறேன். திருத்தங்கல்லில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிச் சரம் பின்னும் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இப்போது காவலில் வைத்திருக்கும் தங்கச்சாமி என் கணவரின் உடன்பிறந்த தம்பி.

என் கணவரும் அதே கம்பெனியில் மருந்து கலக்கும் கொட்டகையில் வேலை பார்த்தார். அவருக்குச் சில வருஷங்களாகக் குடிப்பழக்கம் இருந்தது. மதுவிலக்கு அமலில் இருப்பதால் கள்ளச்சாராயம் கிடைக்காத நாட்களில் மரச் சாமான்களுக்குப் பூசும் பாலிஷை வாங்கி, அதிலுள்ள அரக்கைத் துணியில் வடிகட்டிவிட்டுக் குடிப்பார். என் பழைய சேலைகள் எல்லாம் அதற்கே போயின. எத்தனை துவைத்தாலும் அந்த அரக்கு போகாது. முதலில் சாயங்காலம் மட்டும் குடித்தவர், பிறகு காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்கிற நிலைக்கு வந்தார். சோறு இறங்காது. இறங்கினாலும் வாந்தி எடுத்துவிடுவார். குடிக்காவிட்டால் செத்துப்போவேன் என்று பலமுறை சொல்லி, என்னிடம் இருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

சென்ற வாரம் அவர் கை நடுங்கி மருந்துச் சட்டியைத் தவறவிட்டதைப் போர்மேன் சங்கரபாண்டியன் பார்த்துவிட்டார். “ஒருத்தன் கையால இம்புட்டுச் சனமும் சாகணுமாப்பா? நீ போயிரு” என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார். அடுத்த கொட்டகையில்தான் நான் உட்கார்ந்து சரம் பின்னிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு என் கணவர் வீட்டுக்கு வந்தார். வந்ததும் தம்பியைக் கூப்பிட்டு, “ஏலே தங்கம், என்னையத் தூணுல கட்டிப் போடுலே. நான் அழுதாலும் வஞ்சாலும் அவுக்காதீக. விட்டா ஓடிருவேன்” என்றார். வண்டிக் கயிற்றை எடுத்துக் கொடுத்தவரும் அவரே. தோல் உரியக் கூடாதென்று தங்கச்சாமி தன் துண்டை அவர் மணிக்கட்டுகளில் சுற்றி, அதன் மேல் கயிற்றைக் கட்டினான்.

முதல் நாள் அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கஞ்சி கொடுத்தேன், தங்கவில்லை. எங்கள் இருவரையும் கெட்ட வார்த்தைகளால் திட்டினார். மறுநாள் காலையில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வீட்டைக் கொட்டகை என்று நினைத்துக்கொண்டு, “திரி பத்திருச்சு! சனத்தை வெளிய வெரட்டுங்க! மண்ணை அள்ளிப் போடுங்க!” என்று கத்தினார். சுவரில் நெருப்பு இல்லை. ஆனாலும் வாசலிலிருந்து மண்ணை அள்ளி வந்து அவர் காட்டிய இடத்திலெல்லாம் போட்டேன். அவர் திமிறியதில் துண்டு நழுவிவிட்டது. கைகளில் உள்ள காயங்கள் அப்போது கயிறு உரசி ஏற்பட்டவை.

அதன் பிறகு மத்தியானம் போல் தெளிவு வந்து என்னைப் பார்த்தார். “குருவம்மா, ஒரு வாய் மட்டும் குடு. இல்லேன்னா நான் செத்துருவேன்” என்றார். தங்கச்சாமி அழுதுகொண்டே முடிச்சில் கையை வைத்தான். “மதினி, அண்ணன் மொகத்தைப் பாருங்க. அவுத்துருவோம். நான் ஓடிப்போயிக் கொஞ்சம் வாங்கியாந்திருதேன்” என்றான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். “நாளைக்கும் இதையேதான் சொல்லுவாரு. இன்னைக்கு ஒரு பொழுது பொறுங்க தம்பி, தேறிருவாரு” என்றேன். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் வெளியே போய் உட்கார்ந்துகொண்டான்.

சற்று நேரத்தில் என் கணவருக்குக் கண் மேலே செருகி, உடம்பு வில்லாக வளைந்து, வாயில் நுரை வந்தது. நான் சத்தம் போட்டேன். தங்கச்சாமி ஓடிவந்து கயிற்றை அறுத்தான். இருவரும் அவரை மாட்டு வண்டியில் ஏற்றி விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் இன்னும் இரண்டு முறை வலிப்பு வந்தது. அவர் தலை என் மடியில் இருந்தது. உயிர் எப்போது போனதென்று எனக்குத் தெரியாது. டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

நாங்கள் நடந்ததைச் சொன்னதும், இத்தனை வருஷம் குடித்த உடம்பில் ஒரேயடியாக நிறுத்தினால் இப்படி ஆவதுண்டு என்றும், நிறுத்தும் முன் இங்கே கொண்டுவந்திருந்தால் மருந்து கொடுத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். குடியை விட்டதால் ஒரு மனுசன் சாவானா என்று கேட்டேன். சில பேர் சாவார்கள் என்றார்.

கைக் காயங்களைப் பார்த்துத் தெருவில் சிலர், தங்கச்சாமி அண்ணனை அடித்துக் கொன்றுவிட்டான் என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் அடிக்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் விரோதம் ஏதும் கிடையாது. அவிழ்க்கப் போனவன் தங்கச்சாமி. தடுத்தவள் நான். அவனை விட்டுவிட வேண்டும்.

தடுத்த விஷயத்தை எழுதினால் உனக்குத்தான் கஷ்டம், யோசித்துச் சொல் என்று இதை எழுதும் ஏட்டய்யா என்னிடம் சொன்னார். எழுதச் சொன்னேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எல்லாம் நடந்தபடி உண்மை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

குருவம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை.