இடது சக்கரம் முதலில்

— பிளேன மறுபடியும் மேல ஏத்திட்டேன், வாத்தியாரம்மா. தரைக்கு ஒரு ஆள் உயரம் இருக்கறப்ப காத்து தூக்கி ஓரமா தள்ளிடுச்சு.

— பாத்தேன். ஏத்தினதுதான் சரி. பிடிவாதமா அமுக்கியிருந்தா ரெக்கை தரையில இடிச்சிருக்கும். இன்னொரு சுத்து வாங்க.

— கட்டுன பொண்டாட்டிகிட்ட பிளேன் ஓட்டக் கத்துக்கிட்டு, அவகிட்டயே ரேடியோவுல கெஞ்சறவன் உலகத்துல நான் ஒருத்தன்தான்.

— கத்துக்கிட்டவரு வாயக் குறைச்சு கையக் கவனிச்சா போதும். பெட்ரோல் இருக்குல்ல?

— அது நிறைய இருக்கு. இந்தக் காத்தெல்லாம் உனக்குத் தூசுடி. போன வருஷம் இதவிடப் பேய்க்காத்துல ஒத்தச் சக்கரத்துல இறக்கின. நான் வாயப் பொளந்துக்கிட்டு நின்னேன். இன்னைக்கும் நீயே போயிருக்கலாம்.

— ஒன்பது மாச வயித்தோடயா? ஸ்டிக்க முழுசா பின்னாடி இழுக்க உங்க பிள்ளை விட்டாத்தானே... இருங்க.

— என்னாச்சு?

— ஒண்ணுமில்ல. கம்பத்துல காத்துப் பை எந்தப் பக்கம் ஆடுதுன்னு பாத்தேன். இடதுல இருந்துதான் வீசுது. இடது ரெக்கையக் கொஞ்சம் சாச்சுக்கோங்க. மூக்கு நேரா இருக்கணும், அதக் கால் பெடலால பிடிங்க.

— ரெண்டு காலும் மாத்தி மாத்தி மிதிச்சுக்கிட்டே இருக்கு.

— மிதிக்கட்டும். சும்மா கிடக்கற காலுதான் ஆபத்து.

— இடது சக்கரம் தரையத் தொட்டுச்சு.

— அவசரப்படாதீங்க. வலது தானா வரும்.

— வந்துடுச்சு. வால் சக்கரமும் இறங்கிடுச்சு. அப்பாடா, இறக்கிட்டேன்.

— இன்னும் இல்லீங்க. ஸ்டிக் வயித்தோட ஒட்டி இருக்கட்டும், இடது பக்கமா. வால் சுத்திக்கிட்டு உங்கள முந்தப் பாக்கும், விட்டுடாதீங்க. வலது கால மிதிங்க. போதும். இப்ப இடது. ம்... அப்படித்தான்.

— நின்னுடுச்சு.

— அழகா இறக்கினீங்க. நானே இவ்வளவு நிதானமா இறக்கியிருக்க மாட்டேன். நிஜமாத்தான் சொல்றேன்.

— உன் குரல்ல துளி பதட்டம் இல்ல. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்து சேந்தேன். உன் நெஞ்சுறுதி யாருக்குமே வராதுடி.

— புகழ்ந்தது போதும். இஞ்சின நிறுத்துங்க. இங்க நிக்கற மெக்கானிக் அண்ணன் வந்து காத்துல ஆடாம ரெக்கையப் பிடிச்சதும் ஓடி வந்து கார எடுங்க. முதல் தடவ நீங்க மேல ஏத்தினப்பவே எனக்குப் பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. சொல்லியிருந்தா ரெண்டாவது தடவயே எப்படியாவது இறக்கப் பாத்திருப்பீங்க.