முன் சீட்டுக் குருவி

சத்தியமாகச் சொல்கிறேன் சார், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வேண்டுமானால் என் வேன் சாவியின் மேல் அடித்துச் சொல்கிறேன். அதைவிடப் பெரிதாக என்னிடம் எதுவும் கிடையாது.

ஆதரவில்லாத பிள்ளைகளை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்ப்பது எங்கள் காப்பகத்தின் வேலை. கொண்டுபோய் இறக்குவது என் வேலை. ஆபீஸ் அம்மா கூடத்தில் உட்கார்ந்து நல்லதாக நாலு வார்த்தை சொல்லிக்கொண்டிருப்பார். நான் பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போவேன். வீட்டுக்காரம்மா தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவாள். "அவங்க அப்படித்தான் சொல்வாங்க. நீங்க சொல்லுங்க டிரைவர், பிள்ளை உள்ளபடி எப்படி?" எல்லா வீட்டிலும் இதே கேள்விதான். டிரைவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை.

எத்தனையோ பிள்ளைகளை நல்லபடியாகச் சொல்லித்தான் விட்டுவந்தேன். குருவி வேறு. அந்தப் பெயர் நான் வைத்தது. வேனில் ஏறினால் வாய் ஓயாது. மற்ற பிள்ளைகள் பின்னால் உட்காரும், இவள் முன் சீட்டு. "தாத்தா, அந்த வீடு வேணாம் தாத்தா. நான் உங்களோடயே இருக்கேன்" என்பாள். பெற்ற மகனே எட்டிப் பார்க்காத ஒரு மனுஷனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்?

முதலில் ரொட்டிக்கடைக்காரர் வீடு. "தங்கமான பொண்ணும்மா. தூங்குறவங்க தலைமாட்டுல கத்தரிக்கோலோட நிக்கிற பழக்கம் ஒண்ணுதான்" என்றேன். அந்த வாரமே திரும்பி வந்துவிட்டாள். அடுத்தது ஒரு டீச்சர் வீடு. "போன இடத்துல பிரிட்ஜையே கொளுத்திட்டா" என்றேன். பிரிட்ஜ் எப்படி எரியும் என்று டீச்சர் கேட்கவில்லை. தீப்பெட்டியைத் தேடி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். குருவி மறுபடி முன் சீட்டில்.

தையல்காரர் வீட்டில்தான் என் பருப்பு வேகவில்லை. பிரிட்ஜ் கதையைக் கேட்டுத் தையல்காரர் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

"எரியட்டும் பெரியவரே, எங்க வீட்டுல பிரிட்ஜே இல்ல."

பிறகும் நான் அந்தத் தெருப்பக்கம் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் அவள் வாசலில் வந்து மறித்தாள். "இனி இவ எங்க பொண்ணு. கண்ணாலயே எல்லாத்தையும் சொல்லிடுறா. நீங்க வாங்க, வேண்டாங்கல. வேனை மட்டும் கொண்டாராதீங்க. அந்தச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில பூந்துக்கிறா."

விளையாட்டுப் பிள்ளை. என்னோடு கண்ணாமூச்சி ஆடுகிறாள் என்பது அந்த அம்மாளுக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு முன் சீட்டு காலியாகவே ஓடியது. சிக்னலில் நின்றால் அந்தப் பக்கம் கை தானாக நீளும், பெல்ட் போட்டிருக்கிறாளா என்று பார்க்க. சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் தையல்காரர் கடைக்குப் போயிருந்தார். வேனைப் பின்பக்கம் நிறுத்தி, சன்னல் வழியாகத் துணிக்குவியலில் ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டேன். சும்மா பயமுறுத்தத்தான். நைலான் அப்படிப் பற்றும் என்று யார் கண்டது? குருவி வேன் சத்தம் கேட்டு வழக்கம்போல ஒளிந்திருந்தாள். தையல்காரர் மனைவி தேடி உள்ளே போனாள். பிள்ளையை வாசலுக்குத் தள்ளிவிட்டாள். அவள் வரவில்லை.

தீ வைத்தது யார் என்று ஒருவரும் தேடவில்லை. நான்தான் ஊரெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேனே. "நீதானே?" என்று ஆபீஸ் அம்மா கேட்டபோது குருவி மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அவ்வளவு பாசம்.

இப்போது அவளைக் கம்பி போட்ட சன்னல் உள்ள இடத்தில் அடைத்துவிட்டார்கள். நெருப்பு வைக்கிற பிள்ளையை இனி எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டார்களாம். எந்த வீட்டுக்கும் போகாவிட்டால் என் வேனில் எப்படி ஏறுவாள்? அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். தீ வைத்தது நான். எழுதிக்கொள்ளுங்கள். அவளை விட்டுவிடுங்கள், நான் காத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

நம்பிக்கை இல்லாவிட்டால் அவளையே கேட்டுப் பாருங்கள் என்றிருப்பேன். வழியில்லை சார். குருவிக்குப் பிறவியிலேயே பேச்சு கிடையாது.