முதுகுச் சாயம்

ஞாயிறு காலை, கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் போகும் கொமுட்டர் ரயில். எதிர் இருக்கையில் ஓர் அம்மாவும் முப்பது வயது மதிக்கத்தக்க மகனும். தொளதொளத்த முழுக்கைச் சட்டைக்குள் அவன் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"சாயாதடா, முதுகு அழிஞ்சிடும்," என்றார் அம்மா. அதற்குப் பிறகு நான் கைப்பேசியைப் பார்க்கவில்லை.

"சாயலம்மா."

"இருக்கிற கருப்பு பத்தாதுன்னு இதுல டின்னு டின்னா சாயம் வேற."

"மேடை லைட்டுல எல்லாருமே வெளுத்துதாம்மா தெரிவோம். சாயம் அடிச்சாதான் தசைக்கட்டு தெரியும்."

"சின்னதுல உன்னை வெள்ளையாக்க கடலமாவு தேச்சே என் கை தேஞ்சுபோச்சு."

அவன் சிரித்தான். "இன்னைக்கு ஆணழகன் போட்டியில பிளேஸ் கிடைச்சா டிரெய்னரா எடுத்துக்கிறேன்னு ஜிம் பாஸ் சொல்லியிருக்காரு."

"நீயே சோறு தின்னு மூணு மாசமாச்சு. ஊருக்கு நீ சொல்லித் தரப்போறியா?"

"ஹாலுக்குள்ள வாயேம்மா."

"ஜட்டியோட நிக்கிறத பாக்க நான் வரல. பிரிக்பீல்ட்ஸ் கோயில்ல இருக்கேன், முடிஞ்சதும் போன் பண்ணுன்னு நேத்தே சொல்லிட்டேன்ல."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கேஎல் சென்ட்ரல் வந்தது. எழுந்தவனின் காலரை அம்மா பின்னாலிருந்து இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உன்ன எத்தனை மணிக்குக் கூப்பிடுவாங்க?"

"பதினொரு மணிக்கு. ஏம்மா?"

"முதுகு நான் பூசினது லா. லைட்டுல எப்படித் தெரியுதுன்னு பாக்க வேணாமா?"