விழுந்தது விழுந்தபடி

என் மேசைக்கு வருபவர்கள் கையைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். வறுவலின் எண்ணெய் பகடையில் ஒட்டினால் லேசில் போகாது. டுவேன் மட்டும் துடைக்க மாட்டான். இத்தனை வருஷத்தில் அதற்காக நான் அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் பொறுமையில்லாதவள் என்று யாராவது சொல்லியிருந்தால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஆட்டத்தை ஆடியதில்லை என்றீர்கள். எளிதுதான். ஒருத்தி கதை சொல்கிறாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடக்கிறார்கள். "நீ என்ன பண்றே?" என்று அவள் கேட்பாள். அவர்கள் சொன்னது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். எங்கள் வீட்டு நிலவறையில் கதை சொன்னவள் நான். கேம் மாஸ்டர் என்பார்கள். டுவேன், கார்லா, கார்லாவின் கணவன் மூன்று பேருக்கும் விஸ்கான்சின் குளிர்காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில், மழையும் மலையும் ராஜாவும் பிசாசும் நான்தான்.

எனக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. யாராவது சாவில் போய் விழப்போகிறார்கள் என்றால் ஒரு தடவை, "நிச்சயமாவா?" என்று கேட்பேன். அவர்களுக்குப் புரிந்துவிடும், காலைப் பின்னுக்கு எடுப்பார்கள். இன்னொன்று, என் பகடையை ஓர் அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டுவேன். மோசமான எண் விழுந்தால் விரலால் மெல்லத் திருப்பிவிடுவேன். டுவேனின் பாத்திரமான குள்ள வீரனைப் பள்ளி நாளிலிருந்து அப்படித்தான் உயிரோடு வைத்திருந்தேன். காப்பாற்றுவது ஒரு ருசி. அவர்கள் அறியாமல் காப்பாற்றுவது அதைவிட ருசி.

ஜனவரியில் ஒருநாள் டுவேன் எழுந்து அந்த மறைப்பை மடக்கிக் கீழே வைத்தான்.

"போதும் மார்லிஸ். நாங்க என்ன பச்சைப் பிள்ளைங்களா? நீ நிச்சயமாவான்னு கேக்கிறதே துப்புக் குடுக்கிறதுதான். பகடையையும் திருப்புறே, எனக்குத் தெரியாதா? உன் உலகத்துல ஒரு கோழிகூடச் சாகாது."

கார்லா சிரித்தாள். "விடுப்பா, பாவம். வெளையாட அவளுக்கு நாமதானே பொம்மை."

"இனிமே கேக்கக் கூடாது. எல்லார் முன்னாடியும் உருட்டணும். விழுந்தது விழுந்தபடி. சரின்றவங்க கை தூக்குங்க."

மூன்று கைகள் எழுந்தன. நானும் சரி என்றேன். அன்றைக்கே அவனுடைய குள்ளன் ஒரு கிணற்றுக்குள் இறங்கினான். நான் எதுவும் கேட்கவில்லை. பகடை எல்லோருடைய கண்ணெதிரிலும் உருண்டது. குள்ளன் செத்தான்.

டுவேனின் முகம் வெளுத்துவிட்டது. "வேணும்னே பண்ணிட்டே," என்றான். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அடுத்த ஞாயிறு அவர்கள் அவன் வீட்டு கராஜில் ஆடினார்கள். கார்லா போன் செய்தாள். "கோவிச்சுக்காதேடி. இப்ப அவன்தான் நடத்துறான், ஜாலியாத்தான் இருக்கு. நீயும் வாயேன், சும்மா ஒரு ஆளா ஆடு."

நான் நிலவறைக்குப் போய் காலி நாற்காலிகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. துடைத்து வைத்த பலகை போல மனம் சுத்தமாக இருந்தது. அதில் எதை வேண்டுமானாலும் வரையலாம் போலிருந்தது.

ஆட்டத்தில் வரும் சண்டையை மேசையில் தீர்க்கக் கூடாது, வெளியே தனியாக உட்கார்ந்து பேச வேண்டும் என்பது எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வது. அதைத்தான் செய்தேன். ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்க உறைந்த ஏரிமேல் வைத்திருக்கும் என் குடிலுக்கு அவனைக் கூப்பிட்டேன். பிராந்தி வைத்திருக்கிறேன் என்றேன்.

"சமாதானமா? வரேன் தாயே, வரேன்," என்றான். குரலில் சந்தோஷம் இருந்தது. அவனுக்கு என்மேல் பிரியம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அந்த மரங்களைக் கொண்டுபோய், பாதை காட்ட ஏரியில் வரிசையாக ஊன்றுவது உங்களுக்குத் தெரியும். அந்த வரிசையோடு போனால் ஐஸ் தாங்கும். ஓடை வந்து விழுகிற இடத்தில் ஐஸ் மெலிந்திருக்கும். வரிசை அதைச் சுற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊரில் ஏரியை நம்பாதவன்கூட மரத்தை நம்புவான்.

நல்ல வெயில். டுவேன் பாதி வழியில் நின்று கையை ஆட்டினான்.

"மார்லிஸ், நேராவா வரணும்? போன வாரம் பாதை வளைஞ்சில்ல போச்சு?"

"நீ என்ன பண்றே?" என்று கேட்டேன்.

அவன் உரக்கச் சிரித்தான். தன் குள்ளனின் கரகரத்த குரலில், "நடக்கிறேன்," என்றான். அந்தச் சிரிப்பில் என்னை மன்னித்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

நான் நிச்சயமாவா என்று கேட்கவில்லை.

ஐஸ் உடையும்போது பெரிய சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியை நகர்த்துவது போலத்தான் இருந்தது. குடிலில் கயிறு இருந்தது. இருபது முகப் பகடையும் இருந்தது. பத்துக்கு மேல் விழுந்தால் கயிற்றோடு போவது என்று வைத்துக்கொண்டு உருட்டினேன். மறைப்பு எதுவும் இல்லாமல். அவன் முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு வெறுமனே கூப்பிட்டான். பகடை நான்கில் இருந்தது. இரண்டு கோப்பைகளில் பிராந்தி ஊற்றி வைத்திருந்தேன். என்னுடையதை மட்டும் குடித்தேன்.

மரங்களா? ஆமாம். அன்று காலையில் நான்தான் பிடுங்கி, நேர்வரிசையாக ஊன்றினேன். வரைபடம் போடுவது எப்போதும் என் வேலைதான்.

ஒன்றே ஒன்று பாக்கியிருக்கிறது. உங்கள் ஆட்கள் படம் எடுத்தபோது பகடை நான்கில் இருந்தது, சரி. முதலில் விழுந்தது பதினேழு. அதே விரலால் அவன் உயிருக்காக எத்தனையோ தடவை திருப்பியிருக்கிறேன். ஒரே ஒரு தடவைதான் இந்தப் பக்கம் திருப்பினேன். கூட்டிக் கழித்துப் பாருங்கள், நான் அவனுக்குச் செய்த நல்லதுதான் அதிகம்.